மேடையில் மென்பொருள் கருவிகளை வாசிக்க ரெக்கார்டிங் மென்பொருளே போதுமா, தனி ஹோஸ்ட் வேண்டுமா?

வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளிலேயே பிளக்-இன்களை, அதாவது அதற்குள் ஓடும் மென்பொருள் கருவிகளைத் திறந்து மேடையிலும் கீபோர்ட் வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாசிக்கலாம். முதல் இரண்டு வருடம் நான் அப்படித்தான் வாசித்தேன். ஆனால் ஒரு பாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நொடியில் அது காலை வாரிவிடும்.

பாட்டுக்கு ஒரு ப்ராஜெக்ட் என்று வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு மெலடியின் கடைசி கார்டைப் பெடலில் பிடித்தபடியே அடுத்த ஃபைலைத் திறந்தேன். பியானோ பாதியில் அறுந்தது. புதிய ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள்கள் (பதிவு செய்து வைத்த ஒலிகள்) ஏறி முடியும்வரை மேடையில் சத்தமே இல்லை. பாடகி என்னைத் திரும்பிப் பார்த்த அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. மறுவாரமே தனி ஹோஸ்டுக்கு, அதாவது மேடையில் பிளக்-இன்களை வாசிப்பதற்கென்றே உள்ள மென்பொருளுக்கு மாறிவிட்டேன்.

மேக் என்றால் மெயின்ஸ்டேஜ். விண்டோஸ் என்றால் கான்டபிலே. இரண்டிலும் ஓடுவது கிக் பெர்ஃபார்மர். எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான்: கருவிகள் முன்கூட்டியே நினைவகத்தில் ஏறி நிற்கும், நீங்கள் பெடலையோ பட்டனையோ அழுத்தினால் பேட்ச் (ஒரு பாட்டுக்கான ஒலி அமைப்பு) மட்டும் மாறும். பிடித்திருக்கும் பழைய சுரமும் அறுபடாமல் தானாக ஓய, புதியது அதன் மேலேயே தொடங்கலாம். எனக்கு இந்த ஒன்றுக்காகவே தனி ஹோஸ்ட் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் இருபது பாட்டுக்கு இருபது பியானோவை ஏற்றிவிட்டு, கணினி திணறுகிறது என்கிறார்கள். ஒரே பியானோவை ஏற்றி, பாட்டுக்குப் பாட்டு வால்யூம், ரிவர்ப், ஸ்ப்ளிட் (கீபோர்டைப் பகுதிகளாகப் பிரித்து வெவ்வேறு ஒலி தருவது) ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். கிக் பெர்ஃபார்மரில் இதை வேரியேஷன் என்பார்கள். மெயின்ஸ்டேஜில் ஒரு சேனலை கான்சர்ட் மட்டத்தில் வைத்தால் எல்லா பேட்ச்சுக்கும் அதுவே பொது. என் முழுக் கச்சேரியும் ஆறு கருவிகளில் ஓடுகிறது.

அடுத்து லேட்டன்சி, அதாவது கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையிலான தாமதம். நொடிக்கு 48,000 என்ற சாம்பிள் ரேட்டில் பஃபரை (கணினி ஒரு தடவையில் கணக்கிடும் ஒலித் துண்டை) 128 சாம்பிள் என்று வைத்தால், ஒவ்வொரு 2.67 மில்லி நொடிக்குள்ளும் கணினி தன் கணக்கை முடித்தாக வேண்டும். ஒரு முறை தவறினாலும் 'படக்' என்று கேட்கும். சராசரி சிபியு முப்பது சதவீதம்தான் என்று நிம்மதியாக இருக்க முடியாததற்கு இதுவே காரணம். ஒரே ஒரு தடவை உச்சத்தைத் தொட்டால் போதும். நான் 128-இல் ஆரம்பித்து, சத்தம் உடைந்தால் 256-க்குப் போவேன். அப்போது பஃபரால் வரும் தாமதம் 5.3 மில்லி நொடி. ஸ்பீக்கர் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி நிற்பதற்குச் சமம். ஆடியோ இன்டர்ஃபேஸும் (கணினியின் ஒலியை வெளியே அனுப்பும் பெட்டி) தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், ஆனாலும் வாசிக்கும் கை பழகிவிடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரே தரும் ஏசியோ (ASIO) டிரைவர், அதாவது தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர் கட்டாயம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: சில எஃபெக்ட்கள் தாங்களாகவே தாமதத்தைக் கூட்டும். ஒலியின் உச்சத்தை முன்கூட்டிப் பார்த்து அடக்கும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்வலைசர் இரண்டும் மாஸ்டரிங்குக்கு (பதிவின் இறுதி மெருகேற்றலுக்கு) அருமை, மேடைக்கு ஆகாது. பஃபரைக் குறைத்தும் கை பின்தங்குவதாகத் தோன்றினால் முதலில் இவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

கணினியைப் பொறுத்தவரை வைஃபை அணைப்பு, பவர் செட்டிங் முழு வேகத்தில், அப்டேட் நிறுத்தம், சார்ஜர் எப்போதும் இணைப்பில். இணையத்தில் லைசென்ஸ் சரிபார்க்கும் பிளக்-இன் இருந்தால், இணையம் இல்லாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். இதை மேடையில் கண்டுபிடிக்கக் கூடாது.

அப்புறம், சுரம் மாட்டிக்கொண்டு விடாமல் ஒலித்தால் எல்லாவற்றையும் நிறுத்தும் பேனிக் கட்டளையைக் கைக்கெட்டும் பட்டன் ஒன்றில் போட்டு வையுங்கள். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடியில் இதற்கென்றே 120, 123 என்ற கட்டளை எண்கள் இருக்கின்றன. உங்கள் கீபோர்டிலேயே ஒரு பியானோ ஒலி இருந்தால், அதன் அவுட்டை மிக்ஸரில் இன்னொரு சேனலில் செருகி ஃபேடரை மட்டும் இறக்கி வைக்கச் சொல்லுங்கள். லேப்டாப் நின்றாலும் சவுண்ட் இன்ஜினியர் அதை ஏற்றிவிட்டால் பாட்டு நிற்காது.