அம்பாசமுத்திரம் வயல்வெளியில் சூரிய உதயத்தைப் படமெடுத்தால், ஒன்று வானம் வெளுக்கிறது, இல்லையென்றால் வயல் கறுக்கிறது. என்ன செய்யலாம்?

வானத்துக்கும் வயலுக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை கேமரா சென்சார் ஒரே படத்தில் தாங்காது. வானத்துக்கு எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளியின் அளவு) வைத்து, ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். வெளுத்த வானத்தை மீட்க முடியாது. கறுத்த வயலைப் பெருமளவு மீட்கலாம். டிரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு) போதும். வொய்ட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள், அந்தச் செம்மையைத் தின்றுவிடும். டேலைட்டில் வையுங்கள்.

பிசானப் பருவ நெல் நடவு முடிந்த புதிதில் போங்கள். நாற்றுகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீர் வானத்தைப் பிடித்து வைத்திருக்கும்; வயல் அவ்வளவு கறுக்காது. வரப்பில் குத்தவைத்து, லென்ஸை நாற்று நுனிப் பனித்துளி மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

அப்புறம், எல்லோரும் கிழக்கையே பார்த்து நிற்கிறார்கள். நம் ஊரில் மலை மேற்கே இருக்கிறது! வெயில் வயலைத் தொடுமுன்பே பொதிகை உச்சி சிவந்துவிடும். சில நிமிடம்தான். எனக்கு அதுதான் உண்மையான படம்.

எடிட்டிங்கில் ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஷேடோஸை (இருண்ட பகுதிகளை) கொஞ்சம் ஏற்றுங்கள். சாச்சுரேஷனை (நிறச் செறிவை) தொடவே வேண்டாம். நாற்றின் இளம்பச்சை பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும்.