கிரீன் டீயா, பிளாக் டீயா: எதைச் சோதனைக்கு அனுப்புவது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்தை நானே பக்குவப்படுத்தி, விறகு அடுப்பில் உலர்த்தி, கிரீன் டீயும் பிளாக் டீயும் விற்கிறேன். ஐரோப்பாவுக்கு அனுப்பும் வியாபாரி பூச்சிமருந்து எச்சச் சோதனை ரிப்போர்ட் கேட்கிறார். கிரீன் டீயில்தான் எச்சம் அதிகம் என்கிறார்கள். எதை அனுப்ப? பயமாக இருக்கிறது.

பதில்: வியாபாரி கேட்டால் இரண்டையும் அனுப்புங்கள். ஆனால் ஒரே பறிப்புக் கொழுந்தென்றால் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். பிளாக் டீக்காகக் கொழுந்தை நொதிக்க வைத்தால் மருந்து போய்விடாது. நாலு, நாலரை கிலோ பசுந்தேயிலை காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. எச்சமும் அதில் செறிகிறது. ஐரோப்பாவில் தனி வரம்பு வைக்காத மருந்துக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எந்தப் பறிப்பை அனுப்புவது என்பது. மருந்தடித்த பின் வந்த முதல் பறிப்பை அனுப்புங்கள். மூன்று பறிப்பு தள்ளி எடுத்த சாம்பிள் நல்ல பெயர் வாங்கித் தரும், உண்மையைச் சொல்லாது. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து மூன்று பொட்டலமாகச் சீல் வையுங்கள். ஒன்று லேபுக்கு, ஒன்று வியாபாரிக்கு, ஒன்று உங்களுக்கு.

பணம் கட்டுமுன் லேபின் மருந்துப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒன்றாகப் பார்க்கும் சோதனையில் களைக்கொல்லியான கிளைபோசேட்டும் பூஞ்சைக்கொல்லியான மாங்கோசெப்பும் சிக்காது. அவற்றுக்குத் தனிச் சோதனை. நீங்கள் விறகில் உலர்த்துவதால் ஆந்த்ராகுவினோனையும் கட்டாயம் சேருங்கள். புகையிலிருந்து வருவது அது. ஐரோப்பிய எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். மருந்தே அடிக்காத தோட்டத்துத் தூளும் இதில் தோற்கலாம். புகை தூளைத் தொடாமல் வெளியே போக வழி செய்யுங்கள்.

இனி, தெளிப்பான். கேரட்டுக்கும் உருளைக்கும் அடித்த டேங்கை இரவல் வாங்கித் தேயிலைக்கு அடிக்காதீர்கள். தண்ணீர் விட்டு அலசினால் போதாது. ஹோஸ், நாசில், வாஷர் எல்லாவற்றிலும் பழைய மருந்து ஒட்டியிருக்கும். தேயிலைக்கென்று ஒரு தெளிப்பான் வாங்குவது ஒரு லாட் திரும்பி வருவதைவிட மலிவு. கடைக்காரர் 'இயற்கை மருந்து, எச்சமே வராது' என்று லேபிள் இல்லாத பாட்டிலைக் கொடுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒரே அடியில் பூச்சி கொத்தாக விழுகிறதென்றால் அதில் ரசாயனம் கலந்திருக்கும் என்றே சந்தேகப்படுங்கள். ரிப்போர்ட்டில் பெயர் வரும்போது பதில் சொல்லப்போவது நீங்கள், அவரல்ல. தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத மருந்து எதுவும் தோட்டத்துக்குள் வரக்கூடாது.

பறித்த கையோடு மருந்தடியுங்கள், அடுத்த பறிப்புக்கு முழு இடைவெளி கிடைக்கும். தேதி, மருந்து, பாட்டிலின் பேட்ச் எண் மூன்றையும் நோட்டில் எழுதி, உங்கள் பொட்டலத்தோடு வையுங்கள்.