மகன் சம்பளம் குறைந்த வேலைக்குப் போகிறேன் என்கிறான்: பாலக்கோட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

ஐயா, வணக்கம்.

"நாலு வருஷம் பெங்களூருல கஷ்டப்பட்டு ஏறி வந்தவன், இப்ப இறங்குறேங்குறான். ஊருல கேட்டா நான் என்னம்மா பதில் சொல்றது?" என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என் மனதிலேயே நிற்கிறது. தக்காளி விலை தரைமட்டத்துக்கு விழுந்த வருஷத்திலும் ஃபீஸ் கட்டத் தவறாதவர் நீங்கள். மாதம் 58,000 ரூபாய் வாங்குகிறவன் 41,000க்குப் போகிறேன் என்றால் உங்களுக்கு வயிறு கலங்கத்தான் செய்யும். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தம்பி சொன்ன விவரங்களை வைத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஓசூர் வாடகை வீட்டிலிருந்து காலை 7 மணிக்குக் கிளம்புகிறான். அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டி பெங்களூர் பெல்லந்தூரில் இருக்கும் ஐ.டி. கம்பெனி. திரும்பி வீடு சேர இரவு 8. சாப்பிட்ட பிறகு வெளிநாட்டு வாடிக்கையாளரோடு ஒரு மணி நேரம் கால். ஆக ஒரு நாளில் 14 மணி நேரம் அந்த வேலைக்கே போகிறது. மாதம் 22 நாள் என்றால் 308 மணி நேரம். பஸ், கேப் செலவும் வெளிச்சாப்பாடும் சேர்ந்து 11,000 கரைகிறது என்று அவனே சொன்னான். மிச்சம் 47,000. மணிக்கு 153 ரூபாய் விழுகிறது.

அவன் போக நினைக்கிற ஓசூர் தொழிற்சாலை வேலையில் காலை 8.30 முதல் மாலை 5 வரை ஜெனரல் ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் போக அரை மணி, வர அரை மணி. சனிக்கிழமையும் வேலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 26 நாள், நாளைக்கு ஒன்பதரை மணி என்றால் 247 மணி நேரம். கேன்டீன் இருப்பதால் செலவு 1,500க்கு மேல் போகாது. கையில் 39,500 நிற்கும். மணிக்கு 160 ரூபாய்.

நீங்கள் 17,000 குறைகிறது என்று பயந்தீர்கள். உண்மையில் வீட்டுக்குக் குறைவது 7,500. அதற்குப் பதில் மாதம் 61 மணி நேரம் அவன் கைக்குத் திரும்பி வருகிறது. சம்பளச் சீட்டில் இது தெரியாது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் உங்கள் பயம் நூற்றுக்கு நூறு நியாயம். ஐ.டி.யில் கம்பெனி மாறினால் ஒரே தாவலில் சம்பளம் ஏறும் வழக்கம் இருக்கிறது. தொழிற்சாலையில் அப்படி ஏறாது. இன்று 7,500 என்கிற இடைவெளி ஐந்தாறு வருஷத்தில் அகலமாகும். தம்பியிடம் இதைச் சொன்னபோது, ஒரு அளவுக்கு மேல் பணம் சந்தோஷத்தைக் கூட்டாது என்று ஆராய்ச்சியே இருக்கிறதே என்றான். அவன் சொன்னது உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. வருஷ வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மன மகிழ்ச்சி பெரிதாகக் கூடுவதில்லை என்றது அது. அதே கானமன் 2023இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவரோடு சேர்ந்து மறுபடி பார்த்தபோது, பெரும்பாலோருக்கு வருமானம் ஏற ஏற மகிழ்ச்சியும் ஏறிக்கொண்டுதான் போகிறது என்று தெரிந்தது. ஆகவே பாதி ஆராய்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையை விடாதே என்று அவனுக்குச் சொன்னேன்.

ஆனால் கானமன் குழு 2004இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இவன் நிலைமைக்கு நெருக்கமானது. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளை மணி மணியாகப் பிரித்து, எந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் பயணம் போகும் நேரம்தான் கடைசி இடத்தில் வந்தது. ஊர் வேறு, மக்கள் வேறு. இருந்தாலும் சில்க் போர்டு நெரிசலில் தினமும் நிற்கிறவனுக்கு இதைப் படித்துக் காட்டவே வேண்டாம்.

மிச்சமாகும் நேரத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தூங்கணும் மேடம்" என்றான். 27 வயசுப் பிள்ளை வாயில் அந்த வார்த்தை வந்தது எனக்குத் தொண்டையை அடைத்தது. சிறிது நேரம் கழித்து, சனிக்கிழமை சாயங்காலம் ராயக்கோட்டை வழி பஸ்ஸைப் பிடித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம், ஞாயிறு முழுக்க அப்பாவோடு தோட்டத்தில் இருக்கலாம் என்றான். உங்களிடம் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான்.

முதல் இரண்டு மாதம் அவன் தூங்கட்டும். அதன்பிறகு வாரத்தில் மூன்று சாயங்காலமாவது ஒரு படிப்புக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமான 61 மணி நேரத்தையும் செல்போன் தின்றுவிடும். அவன் சேரப்போவது தொழிற்சாலையின் மென்பொருள் பிரிவு. உற்பத்தி, ஸ்டோர், தரக்கட்டுப்பாடு இந்த மூன்றும் கம்ப்யூட்டரில் எப்படி இணைகின்றன என்று உள்ளே இருந்து கற்றுக்கொண்டால், அந்த அனுபவத்துக்கு நம் மாவட்டங்களிலேயே கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பழைய கம்பெனிகள் இருக்க, இப்போது ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா என்று வந்திருக்கின்றன. பெங்களூரை விட்டால் வேறு வழியில்லை என்றிருந்த காலம் போய்விட்டது.

அதற்காக நாளைக்கே ராஜினாமா எழுதச் சொல்லவில்லை. காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன் என் பேச்சைக் கேட்டு இப்படித்தான் மாறினான். கடன் எவ்வளவு இருக்கிறது என்று நான் துருவிக் கேட்காமல் விட்டேன். எட்டே மாதத்தில் ஃபைனான்ஸ் வட்டி கட்ட முடியாமல் மறுபடி பெங்களூருக்கே ஓடினான். அந்தத் தப்பில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து கடனைப் பற்றித்தான் முதலில் கேட்கிறேன்.

தம்பிக்குக் கல்விக்கடன் பாக்கி 2,10,000 என்றீர்கள். வேலையில் சேரப் புதுக் கம்பெனி நான்கு மாத அவகாசம் தந்திருக்கிறது. முதல் மாதம் ராஜினாமா கொடுக்காமலே, அடுத்த மூன்று மாதம் நோட்டீஸ் பீரியடில், நான்கு மாதமும் 41,000தான் சம்பளம் என்று வைத்துக்கொண்டு அவன் வாழ்ந்து பார்க்கட்டும். மிச்சமாகும் 17,000ஐ மாதாமாதம் தவணைக்கு மேல் கூடுதலாகக் கடனில் கட்டட்டும். 68,000 அடையும். முதல் மாதமே மூச்சு முட்டினால், கையில் வேலை இருக்கும்போதே தெரிந்துவிடும்.

பி.எஃப். பணத்தை எடுத்து போர்வெல் போடலாம் என்று நீங்கள் சொன்னதாகச் சொன்னான். வேண்டாம் ஐயா. தண்ணீர் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் ஐந்து வருஷ சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரி விழும். அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேர்ந்து வரும். பி.எஃப். பென்ஷன் திட்டத்திலும் அவன் இருந்தால், பத்து வருஷம் சேர்ந்ததும் பென்ஷனுக்கும் உரிமை வரும்.

கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அந்த விஷயம் வேறு. அவன் இந்தக் கம்பெனியில் சேர்ந்து இன்று நான்கு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது, விலகும்போது நாலரை வருஷம். ஐந்து முடிந்திருந்தால், அவனுடைய அடிப்படைச் சம்பளம் 26,000க்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் (மாதத்தை 26 நாளாகக் கொண்டு) என்ற கணக்கில் 75,000 கிடைத்திருக்கும். சேரும் தேதியை ஆறு மாதம் தள்ள முடியுமா என்று புதுக் கம்பெனியில் கேட்டுப் பார்க்கட்டும். முடியாது என்றால் விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். ஆனால் எதை விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டை இந்த வாரமே பாருங்கள். இப்போதைய கம்பெனி பாலிசியில் நீங்களும் அம்மாவும் இருக்கிறீர்கள். அவன் விலகினால் அது நின்றுவிடும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருக்கச் சொல்லலாம். புதுக் கம்பெனி பெற்றோரைச் சேர்க்குமா என்று எழுத்தில் வாங்கட்டும். சேர்க்காது என்றால், அதே காப்பீட்டுக் கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று விலகும் முன்பே கேட்க வேண்டும். இந்த ஒன்று சரியாகாமல் ராஜினாமா கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

பெண் கொடுப்பார்களா என்று கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள். சம்பளம் கேட்டுத்தான் ஜாதகத்தையே வாங்குகிறார்கள், அது உண்மைதான். 41,000 என்று தயங்காமல் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் அதைக் காதில் வாங்குவார்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குத் தர்மபுரிக்கு வாருங்கள், தம்பியும் வரட்டும். ஆஃபர் லெட்டர், கடன் பாக்கிச் சீட்டு, காப்பீட்டு அட்டை மூன்றும் வேண்டும். போன தடவை அவன் வாய் திறக்கும் முன் நீங்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டீர்கள். இந்தத் தடவை முதல் அரை மணி நேரம் அவன் பேசட்டும் ஐயா.