தீனா அன்செல்மி யார்? 'ஸ்தஃபெத்தா' என்றால் என்ன?

இரண்டாம் உலகப்போரின்போது நாஜி ஜெர்மானியரையும் உள்நாட்டு பாசிஸ்டுகளையும் எதிர்த்துப் போராடிய இத்தாலியின் எதிர்ப்புப் படைகளுக்குச் செய்தி கொண்டு சென்றவர்களே ஸ்தஃபெத்தா. பெரும்பாலும் இளம்பெண்கள். படை வயது ஆண்கள் சாலையில் தென்பட்டாலே பிடித்துக்கொண்டு போனார்கள். சைக்கிளில் போகும் பெண்ணை அவ்வளவாகச் சந்தேகிக்கவில்லை. அகப்பட்டாலோ சித்திரவதை, சாவு. தறியில் நாடா ஓடினால்தான் இழைகள் துணியாகும். மலைகளில் சிதறிக் கிடந்த குழுக்களை ஒரு படையாக்கியது இவர்கள் ஓட்டம்தான். இவர்களை வெறும் 'உதவியாளர்கள்' என்பது அநியாயம்.

தீனா 1927இல் பிறந்தவர். 1944 செப்டம்பர் 26 அன்று வட இத்தாலியின் பஸ்ஸானோ தெல் கிரப்பா நகரில் நாஜிகளும் பாசிஸ்டுகளும் 31 பேரைச் சாலையோர மரங்களில் தூக்கிலிட்டார்கள். பள்ளி மாணவர்களை அழைத்துவந்து கட்டாயப்படுத்திப் பார்க்கவைத்தார்கள். பயமுறுத்தத்தான். அந்தக் கூட்டத்தில் நின்ற 17 வயது தீனா, அதன்பிறகே 'கப்ரியெல்லா' என்ற புனைபெயரில் ஸ்தஃபெத்தாவாகப் போராளிகளோடு சேர்ந்தார்.

போருக்குப்பின் ஆசிரியை, தொழிற்சங்கப் பணி, 1968இல் நாடாளுமன்றம். 1976இல் தொழிலாளர் துறை அமைச்சர். இத்தாலியின் முதல் பெண் அமைச்சர் அவர்தான். வேலையில் ஆண்-பெண் சம உரிமைக்கான 1977ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கொண்டுவந்தது. 1978இல் அனைவருக்குமான தேசிய மருத்துவச் சேவை உருவானபோது சுகாதார அமைச்சரும் அவரே.

எதிர்ப்புப் போராளிகள் எல்லோரும் கம்யூனிஸ்டுகள் என்று பலர் நினைக்கிறார்கள். தீனா பக்தியுள்ள கத்தோலிக்கர், கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்.