பிசிஆர் செய்ய டாக் பாலிமரேஸ் ஒன்று போதாதா? இத்தனை என்சைம்கள் எதற்கு?

ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. பிசிஆர் என்பது டிஎன்ஏ துண்டு ஒன்றைச் சூடாக்கி ஆற்றி, சுற்றுச் சுற்றாகப் பல மடங்கு பெருக்கும் முறை. அதில் டிஎன்ஏவை நகலெடுக்கும் என்சைம்தான் பாலிமரேஸ், டாக் அதில் ஒரு ரகம். பாதி வேலைக்கு டாக் போதும். ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது, நாம் செருகிய மரபணு பாக்டீரியாவுக்குள் போயிருக்கிறதா என்று அதன் காலனியிலேயே பிசிஆர் செய்வது, எலிகளையோ பயிர் வகைகளையோ ஜீனோடைப் செய்வது (எந்த மரபணு வடிவம் இருக்கிறது என்று பார்ப்பது) எல்லாம், டிஎன்ஏவை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் சரியான அளவில் பேண்ட் தெரிந்தால் முடிந்துவிடும் வேலைகள். இதற்குப் போய் விலை உயர்ந்த என்சைமைச் செலவழிப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

டாக் இல்லாத காலமும் இருந்தது. காரி முல்லிஸ் 1983இல் பிசிஆரை யோசித்தபின் முதலில் பயன்படுத்தியது ஈ.கோலை பாக்டீரியாவின் பாலிமரேஸ். டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிக்கச் சூடாக்கும்போதெல்லாம் அது செத்துப்போகும். ஒவ்வொரு சுற்றிலும் குழாயைத் திறந்து புதிதாகச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் பிரித்தெடுத்து 1969இல் விவரித்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாதான் டாக்கின் பிறப்பிடம். அது பிசிஆருக்குள் வந்த பிறகுதான் குழாயை மெஷினில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போக முடிந்தது.

டாக்கின் பெரிய குறை, எழுதியதைத் திருத்தத் தெரியாது. சுமாராகப் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் டிஎன்ஏ எழுத்துக்கு (ஏ, டி, ஜி, சி) ஒரு பிழை விடும். ஆயிரம் எழுத்து நீளமுள்ள மரபணுவை 25 சுற்று பெருக்கினால், கிடைக்கும் மூலக்கூறுகளில் கணிசமானவற்றில் ஏதாவது ஓர் எழுத்து மாறியிருக்கும். ஜெல்லில் இது தெரியவே தெரியாது. அந்த மரபணுவை வெக்டரில் (அதைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் டிஎன்ஏவில்) போட்டுப் புரதம் எடுக்கப் போகிறீர்கள் என்றால்தான் தலைவலி. அங்கே பிஎஃப்யூ போன்ற என்சைம்கள் வேண்டும். இத்தாலியின் வல்கானோ தீவுக் கடற்கரையின் சூடான படிவுகளில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃப்யூரியோசஸ் நுண்ணுயிரியிலிருந்து வந்தது அது. தவறான எழுத்தைச் சேர்த்தால் திரும்பிப்போய் வெட்டிவிட்டு மறுபடி எழுதும். பிழை டாக்கைவிட ஏறத்தாழ பத்து மடங்கு குறைவு, வேகமும் குறைவுதான். பிஎஃப்யூ போன்ற என்சைமோடு டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு புரதத்தை ஒட்டவைத்து வேகத்தைக் கூட்டிய ரகங்கள் பிற்பாடு வந்தன. இன்று குளோனிங்குக்கு, அதாவது மரபணுவை இப்படி வெக்டரில் போடும் வேலைக்கு, பலரும் வாங்குவது அவற்றைத்தான்.

எனக்கு இந்தத் துறையில் பிடித்ததே இதுதான்: ஒரு வேலையில் குறையாக இருப்பது இன்னொரு வேலையில் முதலீடாகிவிடும். டாக் பிழை விடுகிறதா, இன்னும் விடட்டும் என்று மாங்கனீஸ் சேர்த்து, ஒரு என்சைமின் மரபணுவில் ஆயிரக்கணக்கான திரிபுகளை உண்டாக்கி, அவற்றில் நன்றாக வேலை செய்வதைப் பொறுக்குகிறார்கள். என்சைம்களை இப்படிப் படிப்படியாகப் பரிணமிக்க வைத்ததற்குத்தான் பிரான்சிஸ் ஆர்னால்டுக்கு 2018இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

டாக்குக்கு இன்னொரு குணமும் உண்டு: நகலெடுக்கும்போது முன்னால் வழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிஎன்ஏ துண்டைக் கடித்துத் தள்ளிக்கொண்டே போகும். அந்தத் துண்டில் ஒளிரும் சாயமும் அதை அணைக்கும் மூலக்கூறும் வைத்தால், கடிபட்டதும் இரண்டும் பிரிந்து ஒளி வரும். கோவிட் காலத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்ட ஆர்டி-பிசிஆர் பரிசோதனைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன. வைரஸிடம் இருப்பது ஆர்என்ஏ என்பதால் முதலில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அதை டிஎன்ஏவாக மாற்றித் தர வேண்டும். டெமினும் பால்டிமோரும் 1970இல் தனித்தனியாகக் கண்டுபிடித்த என்சைம் அது. ஒரு திசுவில் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் ஆய்வுகளும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், டாக் என்ற இந்த இரண்டு என்சைம்களை நம்பித்தான் நடக்கின்றன.

பிஎஃப்யூவுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. நகலெடுக்க வேண்டிய இழையில் யுராசில் (வழக்கமாக ஆர்என்ஏவில் வரும் எழுத்து) இருந்தால் அப்படியே நின்றுவிடும். புற்றுநோய் ஆய்வில் மெத்திலேற்றம் (டிஎன்ஏ எழுத்தில் ஒட்டும் ஒரு வேதிக் குறி) பார்க்க பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளைப் போட்ட டிஎன்ஏவில் யுராசில்தான் நிறைந்திருக்கும். அங்கே தரமான என்சைம் என்று நினைத்து அதைப் போட்டால் ஒன்றும் வராது. டாக் சாதாரணமாகக் கடந்துவிடும்.

அப்புறம், மாதிரியைப் பொறுத்தும் என்சைம் மாறும். இரத்தத்தின் ஹீமும் மண்ணின் ஹியூமிக் அமிலமும் டாக்கை முடக்கிவிடும். தடயவியலிலும் மண் நுண்ணுயிர் ஆய்விலும் அவற்றைத் தாங்கும்படி மாற்றப்பட்ட ரகங்களைத் தேடுவது அதனால்தான். மின்சாரமும் மெஷினும் இல்லாத இடங்களுக்கு பிஎஸ்டி பாலிமரேஸ் இருக்கிறது. 60–65 டிகிரியில் ஒரே வெப்பத்தில் வைத்தால் போதும், இழையை அதுவே பிரித்துக்கொண்டு போகும். கறாராகச் சொன்னால் அது பிசிஆரே இல்லை, லாம்ப் என்ற வேறு முறை.

கடைசியாக, குளோனிங் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயங்கள். பிஎஃப்யூ சும்மா இருக்கும்போது பிரைமரையே (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டையே) மென்றுவிடும் என்பதால், ஹாட் ஸ்டார்ட் ரகம் (சூடாகும்வரை வேலை செய்யாதது) இல்லையென்றால் என்சைமைக் கடைசியில் சேருங்கள். அது தரும் முனைகள் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் முடிந்து மொட்டையாக இருக்கும். டிஏ குளோனிங் என்ற முறையில் துண்டை வெக்டரோடு இணைக்க முனையில் தனி ஏ வேண்டும். துண்டைச் சுத்தம் செய்துவிட்டு, கொஞ்சம் டாக்கும் டிஏடிபியும் (ஏ எழுத்துக்கான மூலப்பொருள்) சேர்த்து 72 டிகிரியில் சிறிது நேரம் வையுங்கள், டாக் அந்த ஏ-யை ஒட்டிக் கொடுத்துவிடும்.