'தி குளோரி'க்குப் பிறகு மிசிலைப் பாருங்கள்

வணக்கம். கொரியத் தொடரான 'தி குளோரி'யின் பார்க் யோன்-ஜின்னைப் போல ஈர்க்கும் வில்லி வேண்டும், ஆனால் அந்தச் சித்திரவதைக் காட்சிகள் இனி வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் 2009இல் கொரியத் தொலைக்காட்சியான எம்பிசி ஒளிபரப்பிய 'குயின் சியோன்டியோக்' தொடரைத் தொடங்குங்கள். சில்லா என்ற பழங்காலக் கொரிய நாட்டின் அரசவையை ஆட்டிப்படைக்கும் மிசிலாக கோ ஹியான்-ஜங் நடித்திருக்கிறார். புன்னகை மாறாமல் ஒரு புருவத்தை உயர்த்துவார்; எதிரே நிற்பவர் நடுங்கிவிடுவார்.

மிசிலின் ஆயுதம் வானியல் அறிவு. கிரகணம் வரும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, தெய்வ அருள் பெற்றவள் என்று மக்களை நம்பவைக்கிறாள். பின்னாளில் அரசி சியோன்டியோக் ஆகும் இளவரசி தொக்மானோ வானாய்வு மாடம் கட்டி அந்த அறிவை எல்லோருக்கும் திறந்துவிட நினைக்கிறாள். (அந்த மாடம் தென் கொரியாவின் கியோங்ஜு நகரில் இன்றும் நிற்கிறது.) இதைப் பற்றி இருவரும் வாதிடும் காட்சியில் மிசில் பக்கமே நியாயம் இருப்பதாக ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தன் எதிரிக்கே அரசியல் கற்றுத்தரும் வில்லியை வேறெங்கே பார்ப்பது!

வாள்சண்டையும் கொலையும் உண்டு. ஆனால் கேமரா வதையிலேயே தங்கி நிற்காது. மொத்தம் 62 பகுதிகள், தொடக்கத்தில் வரும் பாலைவனப் பகுதி சற்று இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கொரியத் தொடரான 'தி பென்ட்ஹவுஸ்' இப்போதைக்கு வேண்டாம். வில்லியாக கிம் சோ-யோன் அபாரமாக நடித்திருந்தாலும் அதில் வன்முறை அதிகம்.