வகுப்பறைக்குள் வரும் பண்டிகைகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் 34 பிள்ளைகள். இந்து, இஸ்லாமிய, கிறித்தவ, சமணக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்களும், எந்த மதத்தையும் பின்பற்றாத பெற்றோரின் பிள்ளைகள் இருவரும் இருக்கிறார்கள். பள்ளியில் எந்தெந்தப் பண்டிகைகளைக் கொண்டாடலாம் என்று பட்டியல் தயாரிக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் தந்திருக்கிறார். செய்தி வெளியே தெரிந்ததும் ஒரு தந்தை வந்து, தன் மகன் எதிலும் கலந்துகொள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆண்டுக்கொரு நாள் 'ஒற்றுமை விழா' வைத்துவிடலாம் என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அதுதான் நியாயமோ என்று எனக்கும் தோன்றத் தொடங்கிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் சக ஆசிரியரின் யோசனையில் ஒரு களைப்பு தெரிகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் சமமாகிவிடும் என்பதை ஏற்க முடியவில்லை. வாரத்தில் எந்தக் கிழமை விடுமுறை, நீண்ட விடுமுறை எப்போது, தேர்வு எந்த வாரம் என்பவை பெரும்பாலும் அந்தந்தச் சமூகத்தின் பெரும்பான்மையினரது வழக்கத்தை ஒட்டியே முடிவாகின்றன. வகுப்பில் பண்டிகைப் பேச்சே இல்லையென்றால் பெரும்பான்மைப் பிள்ளைக்கு இழப்பு ஒன்றுமில்லை; அதன் பண்டிகை தெருவிலும் தொலைக்காட்சியிலும் தாராளமாக இருக்கிறது. தன் பண்டிகை நாளன்று பள்ளிக்கு வந்து தேர்வெழுதுகிற பிள்ளைக்குத்தான், வீட்டில் நடப்பது இங்கே சொல்லத்தக்கதல்ல என்ற பாடம் போய்ச் சேரும். ஒற்றுமை விழாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு மத வேடமிட்ட பிள்ளைகள் மேடையில் கைகோத்து நிற்க, நாம் புகைப்படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம்.

ஆகவே பண்டிகைகள் வகுப்புக்குள் வரட்டும். பட்டியலில் எது இருக்கிறது, எது விடுபட்டது என்பதை விட, அந்த வேளையில் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதை நான் நான்காம் வகுப்பில், தாமதமாகப் புரியும் விதத்தில், கற்றுக்கொண்டேன்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு இஸ்லாமியச் சிறுமி இருந்தாள். ரமலான் மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் ஆசிரியர், முழு நல்லெண்ணத்தோடுதான், அவளை முன்னால் அழைத்து நோன்பைப் பற்றி எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். அவள் தரையைப் பார்த்தபடி இரண்டு வாக்கியம் சொன்னாள். "நீ நோன்பு வைத்திருக்கிறாயா?" என்று யாரோ கேட்டதும் சற்றுத் தயங்கி, ஆமாம் என்றாள். எல்லோரும் கைதட்டினோம். மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, டிபன் பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்துவைத்துக்கொண்டு அவள் அவசரமாகச் சாப்பிடுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் மூடியை அழுத்திக்கொண்டாள். பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமையில்லை என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அவளிடம் எந்தத் தவறும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளையை ஒரு மதத்தின் தூதராக எழுப்பி நிறுத்தியதும், பதிலுக்காகக் காத்திருந்து நாங்கள் கைதட்டியதும்தான் அவளைப் பொய் சொல்ல வைத்தன.

எனவே, "உங்கள் ஆட்கள் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியை வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளையால் சரியான பதில் சொல்லவும் முடியாது. தீபாவளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அது நரகாசுரன் வதமான நாள். இன்னொரு வீட்டில் ராமன் அயோத்தி திரும்பிய நாள். வங்காளத்தில் அந்த இரவு காளி பூஜை. உங்கள் வகுப்புச் சமணப் பிள்ளைக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள். சீக்கியர்களுக்குக் குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து மீண்டதன் நினைவு. ஜூலியன் நாட்காட்டி என்ற பழைய கணக்கைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளில் கிறிஸ்துமஸ் இப்போது ஜனவரி 7-இல் வருகிறது. நபிகள் பிறந்தநாளைக் கொண்டாடும் முஸ்லிம்களும் உண்டு, கொண்டாடக்கூடாது என்பவர்களும் உண்டு. செய்தியைச் சொல்லும் பொறுப்பை ஆசிரியரான நீங்களே எடுத்துக்கொண்டு, "சிலர் இப்படிச் செய்கிறார்கள், வேறு சிலர் அப்படி" என்று சொல்லுங்கள். தானாகக் கை தூக்கி, எங்கள் வீட்டில் இப்படி என்று சொல்ல வரும் பிள்ளையை ஆர்வத்தோடு கேளுங்கள். கை தூக்காத பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலிருப்பதும் ஒரு மரியாதை.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பண்டிகையின் கதையைவிட அதன் தேதி அதிகம் கவரும் என்பது என் அனுபவம். ஒரு பண்டிகை ஏன் ஆண்டுதோறும் அதே தேதியில் வருவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். இஸ்லாமிய ஆண்டு நிலவை மட்டும் கணக்கில் கொள்வதால் அதற்கு 354 அல்லது 355 நாட்கள்தான். ஆகவே ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2030-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு ரமலான்கள் தொடங்கவிருக்கின்றன என்று சொன்னால் வகுப்பே நாட்காட்டியைப் பிடுங்கிப் பார்க்கும். நிலவையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் நாட்காட்டிகளில் இடையிடையே ஒரு மாதத்தைக் கூட்டிச் சரிசெய்கிறார்கள். யூதர்கள் 19 ஆண்டுகளில் ஏழு முறை அப்படிச் செய்கிறார்கள். மேலைத் திருச்சபைகளின் ஈஸ்டர், மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே ஏதோ ஒரு ஞாயிறில் விழுகிறது. இந்தப் பாடத்தில் எந்தப் பிள்ளையும் தூதராக நிற்க வேண்டியதில்லை, எவரும் எதையும் வணங்க வேண்டியதில்லை, ஆனாலும் எல்லோருடைய பண்டிகையும் ஒரே சுவரில் இடம்பெற்றுவிடுகிறது. உங்கள் பட்டியலை ஒரு முறை தயாரித்துச் சட்டமிட்டு மாட்டிவிட முடியாது என்பதும் இதிலிருந்தே தெரியும். தேர்வு அட்டவணை போடுகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.

கற்பதற்கும் வழிபடுவதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அதைப் பள்ளி தாண்டக்கூடாது. விளக்கைப் பற்றிப் படிக்கலாம், விளக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். அதன் முன் எல்லோரும் கைகூப்ப வேண்டும் என்று சொல்லக்கூடாது. 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரத்தைக் குழந்தைக்கே உரியதாகச் சொல்லி, அதில் வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. வகுப்பறைக்கு அந்த வழிகாட்டும் உரிமை இல்லை. கைவேலையில்கூட இது எட்டிப் பார்க்கும்: தெய்வ உருவத்தை வரைவது சில குடும்பங்களுக்கு ஏற்புடையதல்ல, நட்சத்திரமோ கோலத்தைப் போன்ற வடிவமோ வரைவதில் அவர்களுக்குத் தடையிராது. எது வேண்டுமோ அதை வரையலாம் என்று விட்டுவிட்டால் அங்கே பிரச்சினையே எழாது. போகிற போக்கில் இன்னொன்று: 'எல்லோரும் புத்தாடையில் வாருங்கள்' என்ற அறிவிப்பை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வாங்க இயலாத வீடும், துக்கம் நடந்த வீடும் எந்த வகுப்பிலும் உண்டு.

இனி அந்தத் தந்தை. அவர் முரடர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினரைப் போலக் கிறிஸ்துமஸையும் பிறந்தநாளையும்கூடக் கொண்டாடாத நம்பிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிரிவைச் சேர்ந்த மூன்று கேரளப் பிள்ளைகள், தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மரியாதையோடு எழுந்து நின்றதே போதும் என்று கூறி, அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி 1986-இல் இந்திய உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வழக்கு பண்டிகையைப் பற்றியதல்ல என்றாலும், கலந்துகொள்ளாமலேயே ஒரு பிள்ளை வகுப்பின் முழு உறுப்பினராக இருக்க முடியும் என்பது அதில் இருக்கிறது.

அவரை அழைத்து உட்காரவைத்து, அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளைகள் எதைக் கேட்பார்கள், எதைச் செய்வார்கள், எதைச் செய்யச் சொல்லமாட்டோம். அவர் அஞ்சியது வழிபாட்டை மட்டும்தான் என்றால் பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். அப்போதும் மகன் வெளியே இருக்கட்டும் என்று அவர் சொன்னால், அது அவர் உரிமை, வாதாட வேண்டாம். அவனை நூலகத்துக்கு அனுப்பும்போது, அவனோடு போய்ப் புத்தகம் படிக்க விரும்பும் இன்னொரு பிள்ளையையும் சேர்த்து அனுப்புங்கள். தனியாக அனுப்பப்படுகிறவனைப் பார்த்தால், ஏதோ தண்டனை வாங்கிக்கொண்டு போகிறான் என்றுதான் மற்ற 33 பேரும் நினைப்பார்கள்.

அன்புடன்.